வாத்தியம் இல்லாமல் ஒரு எபிரேய சங்கீதம்: மெட்டு எங்கிருந்து வருகிறது?

கண்டரமாணிக்கத்திலிருந்து பேசுறேன்.

போன மாதம் ஒரு நேயர் கேட்ட கேள்விதான் இன்றைய பேச்சு. அவர் பாடும் தேவாலயப் பாடகர் குழுவில், நம்ம வழக்கில் சொன்னால் கொயரில், ஒரு சங்கீதத்தை எபிரேய மொழியிலேயே பாட ஆசைப்படுகிறார்கள். கீபோர்டு, ஆர்மோனியம் எதுவும் வேண்டாம், வெறும் குரல்தான். "தெரிந்த மெட்டு ஒன்றில் எபிரேயச் சொற்களை உட்கார வைத்தால் போதாதா?" என்று கேட்டிருந்தார்.

போதாது. ஏன் போதாது, அப்போ எங்கிருந்து தொடங்குவது என்று பார்ப்போம். காரைக்குடியில் பதினான்கு பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவுக்காக நானே இப்போது 137-ம் சங்கீதத்தை நான்கு குரலில் அமைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அந்தப் பாட்டிலிருந்தே வரும்.

முதலில் அந்தப் புத்தகம். மொத்தம் 150 பாடல்கள். எபிரேயத்தில் தெஹில்லீம், அதாவது துதிகள். தமிழில் புரொட்டஸ்டன்ட் பைபிளில் அவற்றுக்குச் சங்கீதம் என்றே பெயர். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் திருப்பாடல். பெயரிலேயே இசை இருக்கு, ஆனால் இசை நமக்கு வந்து சேரவில்லை. பல பாடல்களின் தலைப்பில் பாடகர் தலைவனுக்கு என்று குறிப்பு இருக்கும். எந்த மெட்டில் பாட வேண்டும் என்பதுபோலத் தோன்றும் சொற்களும் இருக்கும். அந்த மெட்டுகள் காணாமல் போய்விட்டன. நம்ம தேவாரத்தில் பண்ணின் பெயர் எழுதியிருக்கும், அதைப் பாடும் ஓதுவார் மரபும் கூடவே இருக்கும். எபிரேயத்தில் பெயர் மட்டும் நின்றுவிட்டது என்று வச்சுக்கோங்க.

எழுத்துக்கு மேலும் கீழும் சின்னச் சின்னக் குறிகள் உண்டு. எங்கே நிறுத்துவது, எங்கே அழுத்துவது என்று அவை சொல்லும். ஓதும் ராகத்தையும் அவை குறித்தன. ஆனால் சங்கீதப் புத்தகத்துக்கான குறிமுறை தனி. அந்தக் குறிகளைப் பாடும் முறை ஐரோப்பிய யூதர்களிடம் மறைந்துபோனது. ஆக, மெட்டமைப்பவருக்குக் கையில் இருப்பது சொல்லும், நிறுத்தமும், அழுத்தமும்தான்.

சரி, வாத்தியம் ஏன் இல்லை? எருசலேம் கோயிலில் ஒரு காலத்தில் யாழும் தாளமும் எக்காளமும் முழங்கின. 150-ம் சங்கீதம் ஒரு வாத்தியப் பட்டியல் மாதிரியே இருக்கும். கி.பி. 70-ல் ரோமர்கள் அந்தக் கோயிலை இடித்தார்கள். அந்தத் துக்கத்தாலும், ஓய்வு நாளில் வாத்தியம் வாசிக்கக்கூடாது என்ற விதியாலும், மரபு வழுவாத ஜெப ஆலயங்களில் வழிபாடு குரலோடு நின்றுவிட்டது. நமக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. கொச்சி யூதர்கள் எபிரேயப் பாட்டுகளைத் தங்களுக்கே உரிய மெட்டுகளில் பல தலைமுறை பாடினார்கள். பெண்கள் மலையாளத்தில் ஒரு தனிப் பாட்டு மரபையே வைத்திருந்தார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

137-ம் சங்கீதத்துக்கு இந்த வெறுங்குரல் இன்னும் பொருந்தும். பாபிலோனுக்குப் பிடித்துப்போகப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். யாழை மரத்தில் மாட்டிவிட்டார்கள். பிடித்து வைத்தவர்களோ உங்க ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்கிறார்கள். இவர்களுக்குப் பாட வரவில்லை. வாத்தியத்தைக் கீழே வைத்த கதையைச் சொல்லும் பாட்டுக்கு வாத்தியம் சேர்த்தால் கொஞ்சம் இடிக்கும். 1978-ல் போனி எம் குழு இதே சங்கீதத்தை ஆட்டப் பாட்டாக்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் துக்கம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

நான் ஏன் இதை எடுத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே திரும்பினார்கள். செட்டிநாட்டுப் பக்கம் அந்தக் கதை கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. என் அப்பத்தா சொன்ன கதைகளில் ஆறு வரும், காடு வரும், வழியில் விட்டுவிட்டு வந்த சாமான் வரும். பாபிலோன் கதையும் பர்மா கதையும் ஒன்றல்ல. அங்கே சிறை, இங்கே தப்பி ஓட்டம். ஆனால் ஆற்றங்கரையில் எதையோ விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இப்போ வேலைக்கு வருவோம். எபிரேய சங்கீதத்தில் நம்ம சீர், தளை, அடி மாதிரியான எண்ணிக்கைக் கட்டு கிடையாது. ஒவ்வொரு வசனமும் பெரும்பாலும் இரண்டு பாதி. முதல் பாதி ஒன்றைச் சொல்லும், இரண்டாம் பாதி அதையே வேறு விதமாகச் சொல்லும், அல்லது ஒரு படி மேலே கொண்டுபோகும். நடுவில் ஒரு நிறுத்தம். பாதிகளின் நீளமும் வசனத்துக்கு வசனம் மாறும். அதனால்தான் தெரிந்த மெட்டு உதவாது. எட்டு எட்டாக ஓடும் மெட்டில் ஒரு வசனம் உட்கார்ந்தால் அடுத்த வசனம் வெளியே தொங்கும்.

ஓதுவார்கள் தேவாரத்தை இரண்டு விதமாகப் பாடுவார்கள். தாளத்தோடு பாடினால் பண்ணாங்கம், தாளம் இல்லாமல் பாடினால் சுத்தாங்கம். கச்சேரியில் விருத்தம் பாடுவதும் தாளம் இல்லாமல்தான். எபிரேய சங்கீதத்தை அந்தச் சுத்தாங்கத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொல் முடியும் இடத்தில் இசை முடியும், தட்டு எண்ணி முடிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சிக்கல்: விருத்தத்தை ஒருவர் பாடுகிறார், கொயரில் பதினான்கு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட வேண்டும். அதனால் நான் முதலில் சுரம் எழுதுவதில்லை. இரண்டு ஒத்திகை முழுக்கச் சொல்லைப் பேசவே வைக்கிறேன். எல்லோரும் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் நிறுத்திப் பேசப் பழகிய பிறகுதான் அந்தப் பேச்சின் நீள அகலத்தைத் தாளில் எழுதுகிறேன்.

அடுத்தது அழுத்தம். நம் மொழியில் பொருளை மாற்றுவது நீளம். கல், கால். படம், பாடம். தமிழ்ப் பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவர் குறிலை இழுத்துவிடக்கூடாது என்று பயப்படுவார். எபிரேயத்தில் அந்தப் பயத்தை அழுத்தத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஷாவூ என்று ஒரு சொல். முதல் அசையில் அழுத்தினால் 'திரும்பி வந்தார்கள்'. கடைசி அசையில் அழுத்தினால் 'சிறைபிடித்தார்கள்'. ஒலி ஒன்றுதான், பாரம் எந்த அசையில் விழுகிறது என்பதுதான் வேறு. இந்தச் சொல் 137-ல் இதே வடிவில் வரவில்லை, ஆனால் சிறைபிடித்தவர்கள் என்பதற்கு அங்கே வரும் சொல் இதே வேரிலிருந்து வந்தது. வலுவான தட்டைத் தப்பான அசையில் வைத்தால், வீடு திரும்பியவனைச் சிறைபிடித்தவனாக்கிவிடலாம்.

எபிரேயத்தில் பெரும்பாலான சொற்களுக்குக் கடைசி அசையில் அழுத்தம். நம் வாயோ முதல் அசையில் சாயும். பாபிலோனின் எபிரேயப் பெயர் பாவெல். நாம் எல்லோரும் 'பா'வில்தான் அழுத்துவோம். அழுத்த வேண்டியது 'வெல்'லில். எருசலேமின் பெயர் யெருஷாலாயிம். அங்கே அழுத்தம் 'லா'வில், கடைசிக்கு முந்தி. இந்த இரண்டு ஊர்ப் பெயரும் ஒரே பாட்டில் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டிலும் பாரம் சரியாக விழுந்தால் பாட்டில் பாதி வேலை முடிந்தது. வலுவான தட்டு, உயரமான சுரம், நீளமான சுரம், இந்த மூன்றில் ஒன்றாவது அழுத்தமான அசைக்குக் கிடைக்க வேண்டும்.

யெருஷாலாயிமில் முதல் 'யெ' ஒரு அரை உயிர். நம்ம குற்றியலுகரம் அரை மாத்திரையாகத் தேய்வதுபோல அது சொல்லின் தொடக்கத்திலேயே தேயும். அதற்கு நீளமான சுரம் கொடுத்தால் எபிரேயம் தெரிந்தவர் காதில் அது உறுத்தும்.

எழுத்துச் சிக்கலும் உண்டு. தமிழில் ஒரே 'ப' போதும், எபிரேயத்தில் போதாது. பாவெலின் முதல் எழுத்து 'பாம்பு'வில் தொடங்கும் ப இல்லை, 'அன்பு'வில் வரும் ப. நம்ம ஊரில் சுலோகப் புத்தகங்களைத் தமிழ் எழுத்தில் அச்சடிக்கும்போது க, ப-வுக்கு மேல் சின்ன எண் போடுவார்கள் இல்லையா? அதையே எங்கள் குழுவின் தாளுக்கும் எடுத்துக்கொண்டேன். அழுத்தமான அசைக்கு அடியில் ஒரு கோடு. தொண்டையிலிருந்து உரசி வரும் ஒலிக்கு ஆய்தம். இந்த மூன்று குறியோடு எபிரேய எழுத்தே தெரியாதவர்கள் பாட முடிகிறது.

இன்னொன்று, கடவுளின் பெயர். நான்கு எழுத்தில் எழுதியிருக்கும் அந்தப் பெயரை யூதர்கள் உச்சரிக்க மாட்டார்கள். வழிபாட்டில் அதற்குப் பதில் அடோனாய், 'என் ஆண்டவர்'. பேச்சில் அதுவும் வேண்டாம் என்று ஹாஷேம், 'அந்தப் பெயர்'. நம்ம பக்கத்துப் பெரியவர்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லாமல் 'அவுக' என்பார்களே, அந்த மரியாதை. அதனால் ஒத்திகையில் நாங்கள் ஹாஷேம் என்கிறோம், பாடும்போது மட்டும் அடோனாய். இரண்டுக்கும் அசை எண்ணிக்கை வேறு, ஆகவே இதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

இனி ராகம். 'யூத இசை' மாதிரி ஒலிக்க வேண்டும் என்றால் பலர் உடனே ஒரு குறிப்பிட்ட அளவுகோலைத் தேடுவார்கள். கிழக்கு ஐரோப்பிய ஜெப ஆலயங்களில் அஹவா ரப்பா என்று பெயர், சுரங்களைப் பார்த்தால் நம்ம வகுளாபரணம். அழகான ராகம். ஆனால் எபிரேயத்தன்மை ராகத்தில் இல்லை, சொல்லின் பாரத்தில் இருக்கு என்பதுதான் என் கட்சி. அதற்கு மூன்று பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

முதல் ஆள் சலாமோனே ரோஸ்ஸி. இத்தாலியில் மாந்துவா நகரத்து யூதர், அரசவையில் இசைக்கலைஞர். 1622-23-ல் வெனிஸில் அவர் வெளியிட்ட தொகுப்பில் 33 எபிரேயப் பாடல்கள், மூன்று முதல் எட்டுக் குரல் வரை. அதில் 137-ம் சங்கீதமும் உண்டு. ஜெப ஆலயத்தில் இப்படிப் பல குரலில் பாடலாமா என்று அப்போது சண்டை. வெனிஸ் ரபி லெயோன் மோதெனா பாடலாம் என்று எழுதிய தீர்ப்பும் அந்த நூலிலேயே இருக்கிறது. அச்சிலும் ஒரு வேடிக்கை. சுரம் இடமிருந்து வலம் போகும், எபிரேயம் வலமிருந்து இடம் வரும். சொல்லை உடைக்காமல் முழுசாகவே சுரத்துக்கு அடியில் வைத்தார்கள். எந்த அசை எந்தச் சுரத்துக்கு என்பது பாடகர் பொறுப்பு. ரோஸ்ஸியின் இசை அந்தக் காலத்து இத்தாலிய இசைதான். ஆனால் பல இடங்களில் எல்லாக் குரலும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லும், சொல் தெளிவாகக் காதில் விழும். 1630-ல் படையெடுப்பில் மாந்துவாவின் யூதக் குடியிருப்பு சூறையாடப்பட்டது. தொகுப்பு மறக்கப்பட்டு, 1877-ல் பாரிஸில்தான் மறுபடி பெரிதாக அச்சேறியது.

இரண்டாம் ஆள் ஷூபர்ட். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1828 ஜூலையில், இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு, வியன்னா ஜெப ஆலயத்தின் முதன்மைப் பாடகர் சாலமோன் சல்சருக்காக 92-ம் சங்கீதத்தை எபிரேயத்தில் அமைத்தார். ஒற்றைக் குரல் ஒன்று சொல்ல, குழு ஏந்திக்கொள்ளும். வசனத்தின் இரண்டு பாதிக்கும் அது இயல்பாகப் பொருந்தும்.

மூன்றாவது ஷேன்பெர்க். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஐரோப்பாவை விட்டுப் போனவர். 1950-ல் அமெரிக்காவில் 130-ம் சங்கீதத்தை ஆறு குரலுக்கு எழுதினார். சிலர் பாட, அதே நேரத்தில் சிலர் அதே சொற்களைப் பேசுவார்கள். ஆழத்திலிருந்து கூப்பிடுகிற பாட்டு அது. கூட்டத்தில் எல்லோராலும் பாட முடிவதில்லை என்பது அதில் கேட்கும். இந்த மூன்று பேரின் இசையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. மூன்றும் எபிரேய சங்கீதம்தான்.

எங்கள் குழுவுக்கு நான் எடுத்துக்கொண்டது நடபைரவியின் சுரங்கள், மேற்கத்திய முறையில் மைனர். ஆதார சுருதி இரண்டு கட்டை. ஐந்து கட்டையில் பாடிப் பழகிய பெண்களும் ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண்களும் சந்திக்கக் கூடிய இடம் அது. வாத்தியம் இல்லாதபோது பெரிய ஆபத்து சுருதி இறங்குவது. நம் காது சுருதிப்பெட்டியில் சாய்ந்தே வளர்ந்தது. அதை எடுத்துவிட்டால் கீழே இறங்கும் சுரங்களைக் கொஞ்சம் அதிகமாகவே இறக்குவோம், ஏறும்போது கொஞ்சம் குறைவாக ஏறுவோம், ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் தேயும். மூன்று நிமிடத்தில் அரைச்சுரம் போயிருக்கும். அதனால் பேஸ் குரலுக்கு நீளமான ச, ப கொடுத்தேன். குரலே சுருதிப்பெட்டி. ஒருவர் மூச்சு எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எடுக்கக்கூடாது, அப்போதான் அந்தக் கம்பி அறுந்துபோகாது. பாடி முடித்ததும் இசைக்கவையைத் தட்டிச் சரிபார்ப்போம், பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீங்களே, அதே கவைதான்.

ஒத்திகை ஒரு பழைய வீட்டு வளவில். அங்கே சுவரும் கல்தூணும் ஒலியைத் திருப்பி அனுப்பும். வேகமான சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனவே கூட்டுச் சுரம் மாறும் இடங்களைக் குறைத்து, நிறுத்தங்களை நீட்டினேன். எங்கே பாடப் போகிறீர்களோ அந்த இடத்தில் ஒருமுறை கைதட்டிக் கேளுங்க. ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறதோ, நிறுத்தம் அதைவிடக் குறையக்கூடாது.

கடைசியாக, இந்தச் சங்கீதத்தின் பெரிய சங்கடம். மொத்தம் ஒன்பது வசனம். முதல் ஆறும் துக்கம், ஞாபகம், சபதம். கடைசி மூன்றும் பழிவாங்கல். எதிரியின் குழந்தைகளைப் பாறையில் மோதிக் கொல்பவனை வாழ்த்துவதோடு பாட்டு முடிகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் நேர வழிபாட்டு நூலில் கடைசி மூன்று வசனமும் இல்லை. மெட்டமைத்தவர்களிலும் பலர் அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தலாம், தப்பில்லை. ஆனால் நிறுத்தினால், நாடு இழந்தவன் அழுவான், அதோடு சரி என்ற ஒரு சமாதானம் கிடைத்துவிடும். அவனுக்குள் வன்மமும் வளரும் என்பதைப் பாட்டு மறைக்கவில்லை. நாம் மறைக்கலாமா?

முழுசாகப் பாடுவோம் என்றேன். அர்த்தத்தைச் சொன்னதும் ஆல்ட்டோ பாடும் ஒரு பெண், மடியில் எட்டு மாதக் குழந்தையோடு ஒத்திகைக்கு வருபவர், "அண்ணே, இதை என்னால பாட முடியாது. நீங்க எழுதினா எழுதிக்கோங்க, நான் அந்த இடத்துல வாயை மூடிக்குவேன்" என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பேஸில் இருக்கும் ஒரு பெரியவரோ, "பாடத்தான் வேணும் தம்பி. பட்டவன் அப்படித்தான் பேசுவான்" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். இருவர் சொன்னதையும் அப்படியே தாளில் எழுதிவிட்டேன். எட்டாம் வசனத்தில் சோப்ரானோ நின்றுவிடும். ஒன்பதாவதின் முதல் பாதியில் ஆல்ட்டோவும் டெனரும் நிற்கும். கடைசிச் சொற்களை பேஸ் மட்டும், ஒரே சுரத்தில், கூட்டுச் சுரம் இல்லாமல், ஏறக்குறைய பேசுவதுபோலச் சொல்லி முடிக்கும். கீபோர்டு இருந்திருந்தால் அந்த மௌனத்தை நிரப்பியிருக்கும். வெறுங்குரலில், யார் பாடவில்லை என்பதும் கேட்கும்.

கேள்வி கேட்ட நேயருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் அர்த்தம், முழுப் பாட்டுக்கும். அடுத்து எபிரேயம் தெரிந்த ஒருவர் வாசிக்கும் ஒலிப்பதிவு. உச்சரிப்பு மரபுகள் பல உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். மூன்றாவது, தமிழ் எழுத்தில் தாள், அழுத்தத்துக்குக் கோடு போட்டு. நான்காவது, பாடாமல் பேசிப் பழகுவது. ஐந்தாவதுதான் சுரம். முதல் முறைக்கு 137 வேண்டாம். 117-ம் சங்கீதத்தை எடுங்கள். இரண்டே வசனம், புத்தகத்திலேயே மிகச் சின்னது, துதி மட்டும்தான். அது கைவந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

எங்கள் தாளின் படி யாருக்காவது வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன். பேஸ் குரலில் இன்னும் இரண்டு பேர் தேவை. காரைக்குடிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம். வணக்கம்.